நீ என்று கூப்பிட்ட வாய்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டேன். தொண்டையைப் பார்த்துக்கொள். உனக்கும் எனக்கும் சோறு போடுவது அதுதான்.

போன் இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று கேட்டிருந்தாய். பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் நாள் முழுக்க மைக்கில் பேசிவிட்டு வருகிறவள் கையில் போனையும் கொடுத்தால் என்ன ஆகும்? போன மாதம் உன் அழைப்பை எடுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றேனே, மறந்துவிட்டாயா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், உன்னோடு இனிமேல் எழுத்துதான் என்று.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "அக்கா, உன் ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று எழுதியிருந்தாய். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்ன மாதிரி இருந்தது. சபையில் எல்லோரையும் கேட்டுக் கேட்டுப் பழகிய போதகர் வாய், சொந்த அக்காவையும் விடவில்லை. ஆனாலும் நீ கேட்டதால் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அத்தான் இறந்த பிறகு வீட்டில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிடுவேன். "ஆண்டவரே, நீர்" என்பது வரை வரும். அதற்கு மேல் யாருக்கோ வந்த கடிதத்தை உரக்கப் படிக்கிற மாதிரி இருக்கும். எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

பிறகு ஒரு மதியம், ஒரு பேருந்து போய் அடுத்தது வராத நேரம். மைக்கை அணைத்தேன். காலையிலிருந்து "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்", "அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய், தன் பாட்டுக்கு, "ஏம்பா, நீயாவது இருக்கியா?" என்றது. யாரைக் கேட்டேன் என்பது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. தம்பி, அவர் இருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்காதே. பக்கத்து நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்காமலே தெரியுமே, அப்படித் தெரிந்தது.

அன்றிலிருந்து இதுதான் என் ஜெபம். மைக்கை அணைப்பேன். மாடி அறையின் கண்ணாடிச் சன்னலுக்குக் கீழே போகிற வருகிற ஜனத்தைப் பார்ப்பேன். அவரிடம் பேசுவேன். "அந்தச் சிவப்புப் பையைப் பாரேன், சுத்திச் சுத்தி அதே பெஞ்சுக்கே வருது, எந்த பஸ்ஸுன்னே தெரியல போல. கொஞ்சம் வழி காட்டு" என்பேன். சில நாள், "இன்னைக்கு எனக்கு ஒண்ணும் பிடிக்கல, நீயும் சும்மா இரு" என்பேன். அவரும் சும்மா இருப்பார். சண்டைகூடப் போட்டிருக்கிறேன், அத்தானை ஏன் கூப்பிட்டுக்கொண்டாய் என்று. அதற்கு மட்டும் பதில் வரவில்லை. ஆனால் அவர் எழுந்து போகவும் இல்லை.

அக்கா தனியாக இருக்கிறாளே என்று நீ கவலைப்படுகிறாய் அல்லவா? தனியாக இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புவதாக இவள் சொல்கிறாள். நானும் அதையே வழிமொழிகிறேன். கல்யாணம், அடக்க ஆராதனை, சபைக் கூட்டம் என்று மூச்சு விட நேரம் இல்லை. அதனால்தான் பதில் தாமதம்.

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பது தெரிகிறது என்கிறாயே, அது தினமும் தெரியுமா? தெரியாத நாளும் உண்டா? அந்த நாளில் நீ என்ன செய்வாய்?

சபையில் ஒருவர் இப்படிக் கேட்டார். அவருக்குச் சொல்வதற்காகத்தான் கேட்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. வாசனை பேருந்து நிலையம் வரை போகிறது, முழங்காலுக்குள் போகிறதா என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல்.

உங்கள் சபையில் கேட்டாரே, அவருக்குச் சொல்லு: தெரியாத நாளும் உண்டு. அன்றைக்கும் பேசுவேன். அடுத்த அறையில் இருக்கிற ஆளிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசுவோம் இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம். பாவம், அவரை ரொம்பப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வாரம் என் மானம் கப்பலேறியது. மைக்கின் பொத்தான் கொஞ்ச நாளாகவே மக்கர். அமுக்கினேன், அணைந்துவிட்டது என்று நினைத்து வழக்கம்போலப் பேச்சைத் தொடங்கினேன். கீழே ஒரு டிரைவர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இவர் விடுப்பு எடுக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேண்டீனில் சொன்னார்கள். அதைத்தான் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏம்பா, கேக்குறியா? அந்த டிரைவருக்குக் கொஞ்சம் புத்தி குடு. பொண்டாட்டி அங்க படுத்திருக்கா, இவரு இங்க டயரை உதைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு. நீயும் சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. உன்னை என்னத்தச் சொல்றது."

அத்தனையும் ஒலிபெருக்கியில் போய்விட்டது, தம்பி. எல்லா நடைமேடையிலும். நிலையமே அப்படியே நின்றது. கீழே பார்த்தால் ஒரு தலை பாக்கியில்லாமல் என் கண்ணாடியைப் பார்க்கிறது. உடனே மைக்கில், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த டிரைவர் மாடியேறி வந்தார். அறையத்தான் வருகிறார் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கதவைப் பிடித்தபடி, "ஆஸ்பத்திரிக்குப் போறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேலாளர் என்னிடம் விளக்கம் கேட்டார். பணி நேரத்தில் யாரிடம் பேசினீர்கள் என்று ஒரு கேள்வி. "மேலதிகாரியிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். மனுஷன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வேலை முடிந்ததும், "என்னை இப்படி மாட்டி விட்டுட்டியே" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன். சிரித்த மாதிரிதான் இருந்தது. உனக்கும் சிரிப்பு வரட்டும் என்று எழுதினேன். நீ சிரித்து ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்கிறது உன் கையெழுத்து.

உன் அக்கா

*

மார்ச் 17

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ மைக்கில் பேசிய அன்று எங்கள் சபைச் செயலாளர் அங்கே வண்டி மாறுவதற்காக நின்றிருக்கிறார். ஊர் திரும்பியதும் சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "போதகரோட அக்கா கடவுளையே வா போன்னு வேலை வாங்குறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே கூசிப்போனேன்.

அவர்கள் சிரித்ததற்காக இதை எழுதவில்லை. வேதத்தில் எங்கேயாவது ஆண்டவரை "நீ" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாயா? "நீர்" என்ற சொல்லை நம் மொழி அவருக்கென்றே எடுத்து வைத்திருக்கிறது. நம் வீட்டில் யாரும் யாரையும் "நீர்" என்றதில்லை. அதனால்தான் அந்தச் சொல் பரிசுத்தமாக இருக்கிறது. உன் மேலாளரை "ஏம்பா" என்பாயா? அவருக்குக் கொடுக்கிற மரியாதைகூட ஆண்டவருக்கு இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பது அவர்தான் என்று உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்? தனியாக இருக்கிறவர்களின் மனம் எதையும் உண்டாக்கிக்கொள்ளும். நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது உன் தனிமையாகவும் இருக்கலாம், அக்கா.

காலையில் எழுந்ததும் முழங்காலிடு. முதலில் துதி, பிறகு பாவ அறிக்கை, பிறகு விண்ணப்பம். ஒழுங்காக, "நீர்" என்று சொல்லி ஜெபி. ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும். இதைத் தம்பியாக எழுதவில்லை, போதகராக எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஏப்ரல் 14

மதிப்புக்குரிய போதகர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் வீட்டில் உள்ளவர்களின் நலமும் அறிய விரும்புகிறேன்.

போதகராக எழுதியிருந்தீர்கள், அதனால் போதகருக்கே பதில் எழுதுகிறேன். சொன்னபடி செய்து வருகிறேன். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன். அதில் தவறு இருந்தால் தெரிவிக்கவும்.

மைக்கைப் பழுது பார்த்துவிட்டார்கள். அறையில் இப்போது வேலை மட்டும்தான் நடக்கிறது. அந்த டிரைவரின் மனைவி வீடு திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன திடீர் மரியாதை? "அவர்களுக்கு" என்று பார்த்ததும் உறையைத் திருப்பி, வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனா என்று பார்த்தேன். கோபமா? நான் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட்டாயே, சின்ன வயதில் ஒரு தடவையாவது கேட்டிருப்பாயா?

நீ ஒழுங்காக ஜெபிப்பது சந்தோஷம். ஆனால் கடிதம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. அந்தச் சிவப்புப் பை எந்தப் பேருந்தில் ஏறியது? கேண்டீனில் என்ன பேச்சு? எழுது. நான் இங்கே கூட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறேன், ஆனாலும் உன் கடிதம் வந்தால்தான் யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.

சபையில் கேட்ட அந்த நபர் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். நீ சொன்ன மாதிரி அடுத்த அறைக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசிப் பார்த்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். தைலம் தீர்ந்திருந்தால் சொல், அனுப்பச் சொல்கிறேன்.

தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பல நாள் ஆகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

கோபம் என்று நினைக்க வேண்டாம். கேட்டதால் உள்ளதைச் சொல்கிறேன். "நீர்" என்று தொடங்கியதும் எனக்கு அறிவிப்புக் குரல் வந்துவிடுகிறது. நானாக வரவழைக்கவில்லை, அதுவாக வருகிறது. "நீர் எங்களுக்கு இரங்கும்" என்பதும் "பயணிகள் வரிசையில் நிற்கவும்" என்பதும் ஒரே ராகத்தில் போகிறது. முகம் தெரியாத கூட்டத்தோடு பேசிப் பழகிய குரல் அது. அதை எடுத்ததும் அவர் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்து, கீழே கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றுவிட்டார். நான் மேலே கண்ணாடிக்குள் இருக்கிறேன். அவர் எந்தத் தலை என்று தெரியவில்லை.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், அறையில் மைக்கை அணைத்துவிட்டு, பழையபடி "ஏம்பா" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் உங்கள் வரி ஞாபகத்துக்கு வந்தது. "அது உன் தனிமையாகவும் இருக்கலாம்." அதோடு நிறுத்திவிட்டேன். இத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தது அவரா, என் தனிமையா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. நீங்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். தெரிந்துதான் சொல்லியிருப்பீர்கள்.

சிவப்புப் பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரியாது. நான் இப்போது கீழே பார்ப்பதில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உங்கள் தம்பியிடமிருந்து பதில் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். அவர் எழுத மாட்டேன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்க நின்றார். "ஆண்டவரே, நீர்" என்றார். அதோடு நின்றுவிட்டார். மைக் போய்விட்டது என்று செயலாளர் ஓடிப்போய் வயரை ஆட்டிப் பார்த்தார், பொத்தானை அமுக்கிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது. இவர் அப்படியே இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கியைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "எனக்கு யாரும் இல்ல" என்றார். நான் இருக்கிறேனே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் யாரைச் சொல்கிறார் என்று.

சபையில் இப்போது விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப நாளாகவே வீட்டில் ஜெபம் இல்லை, அண்ணி. எனக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. போதகரிடம் போய் ஜெபம் பண்ணினீங்களா என்று யார் கேட்பது? சபையில் ஒருவர் கேட்கிறார் என்று உங்களுக்கு எழுதி வந்தாராமே. அப்படி யாரும் கேட்கவில்லை. அது இவர்தான்.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று இவர் தட்டைத் தொடவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். உங்கள் திட்டுக்குக்கூட ஏங்கிப்போய் இருக்கிறார்.

உங்கள் தம்பி மனைவி

*

செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

இவள் உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள். நல்லதாகப் போயிற்று. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது எனக்குச் சந்தோஷம் என்று எழுதவில்லை பார், கவனித்தாயா? வந்தது பொறாமை. நினைவு தெரிந்த நாள் முதல் என் ஆசையே ஆண்டவரோடு இருப்பதுதான். அதற்காகத்தான் படித்தேன், அங்கி போட்டேன். வருடக்கணக்காக மேடையில் நின்று அவரைக் கூப்பிடுகிறேன், சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. நீ மைக்கை அணைத்தால் போதும், அவர் வந்து உட்காருகிறாராம். தாங்கவில்லை எனக்கு. செயலாளர் சொன்னது ஒரு சாக்கு. சாக்கு கிடைத்ததும் அடித்துவிட்டேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. வேதம் முதன்முதலில் எழுதப்பட்ட மொழிகளில் "நீ", "நீர்" என்ற வித்தியாசமே கிடையாது. ராஜாவுக்கும் வேலைக்காரனுக்கும் ஆண்டவருக்கும் ஒரே சொல்தான். முதல் வருடப் பாடத்திலேயே அதைப் படித்தேன். தெரிந்துகொண்டேதான் உனக்கு அப்படி எழுதினேன்.

உன் வழியை எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்க எனக்கு முகம் இல்லை. நீ பழையபடி பேசு, அக்கா. அது அவர்தான். தனிமை கிடையாது. போதகராகச் சொல்லவில்லை, தம்பியாகச் சொல்கிறேன். எனக்கும் "நீ" என்றே எழுது.

உன் தம்பி

*

அக்டோபர் 9

தம்பிக்கு,

உங்கள் கடிதமும் உங்கள் மனைவியின் கடிதமும் கிடைத்தன. அவளை ரொம்பப் பாடுபடுத்தாதீர்கள். நல்ல பெண்.

"நீ" என்று எழுதச் சொன்னீர்கள். பேனாவை வைத்துக்கொண்டு பார்த்தேன். கை வரவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் வரவில்லை.

மொழி விஷயம் தெரிந்துகொண்டேன். நல்லதுதான். ஆனால் அந்த மொழியில் நான் யாரிடமும் பேசியதில்லையே. எனக்குத் தெரிந்தது இந்த வாய்தான். மறுபடியும் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதற்காக. தெரிந்தவர் என்று நினைத்து ஓடிப்போய்த் தோளைத் தொட்டு, திரும்பினால் வேறு யாரோ என்று ஆகும்போது ஒரு கூச்சம் வருமே, அந்தக் கூச்சம்தான் வருகிறது. முன்பெல்லாம் அவரா இல்லையா என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது கூப்பிடுவதற்கு முன்னாலேயே யோசனை வந்துவிடுகிறது.

என் வழி உங்களுக்கு வராது. அது நாள் முழுக்க அறிவிப்புச் சொல்லி அலுத்துப்போன ஒருத்திக்கு வந்தது. உங்களுக்கென்று ஒன்று இல்லாமலா போகும்? மேடையில் மட்டும் தேட வேண்டாம். விடுப்பு என்று படுத்தே கிடக்காமல் கையால் ஏதாவது வேலை செய்யுங்கள். சோறாவது இறங்கும்.

அக்கா

*

நவம்பர் 15

அன்புள்ள அக்கா,

முழங்கால் தேவலையா? குளிர் வந்துவிட்டது, வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்குச் சோறு இறங்குகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நீ கையால் வேலை செய்யச் சொன்னதைப் படித்துவிட்டு இவள் ஒரு வாளியில் வெந்நீரும் பழைய கத்தி ஒன்றும் கொடுத்து என்னை ஆலயத்துக்கு விரட்டினாள். பெஞ்சுகளுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டிக் கிடக்கிறதாம். மல்லாந்து படுத்து, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுச் சுரண்டினேன். என் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்பதற்கு அங்கே நிறையச் சாட்சி இருக்கிறது. செயலாளர் உட்காரும் இடத்தில்தான் அதிகம்.

முதல் சில நாள் கழுத்து வலிதான் மிச்சம். பிறகு போன வாரம், மதியம், யாரும் இல்லை. நான் ஜெபிக்கவில்லை, அக்கா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு காய்ந்த உருண்டை, விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது தெரிந்தது, பக்கத்தில் யாரோ மல்லாந்து படுத்துத் தானும் சுரண்டுகிறார் என்று. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாரோ என்று பயம். பேசவும் இல்லை. நான் பேசிப் பேசித்தானே அவரைத் தொலைத்தேன். அப்படியே கிடந்து அழுதேன். மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது, தெரியுமா?

அதன் பிறகும் வந்தார். தினமும் இல்லை. நான் இப்போது சுத்தமான பெஞ்சுக்கு அடியிலும் படுத்துக்கொள்கிறேன். போதகருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று செயலாளர் நினைக்கிறார்.

இதை உனக்கு எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். உன்னுடையதைக் கெடுத்தவன் நான். எனக்குக் கொடுத்துவிட்டு உன்னை ஏன் அவர் காக்க வைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. மன்னித்துக்கொள், அக்கா.

உன் தம்பி

*

டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அது ஒன்றுதான் என்னை விட்டுப் போகாது போல. உன் வீட்டுக்காரியிடம் அந்தக் கத்தியைப் பத்திரமாக வைக்கச் சொல்.

உன் கடிதத்தை அறிவிப்பு அறையில் வைத்துத்தான் படித்தேன். கண்ணீர் காதுக்குள் போனது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "போடா, கிறுக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், "நீ" வந்துவிட்டது என்று. பார், இந்தக் கடிதம் முழுக்க நீதான்.

அதே சூட்டோடு அவரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை, தம்பி. வாய் திறந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கீழே பார்க்க மட்டும் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். பார்க்கிறேன், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திரும்ப மைக்கைப் போட்டுவிடுகிறேன்.

உனக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். உண்டு. பொய் சொல்ல மாட்டேன், அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். என்னுடையதை எடுத்து உன்னிடம் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. உனக்கும் இல்லாமல் போயிருந்தால் இன்னும் அதிகமாக அழுதிருப்பேன். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அதை எப்போதோ கொடுத்தாயிற்று.

எனக்காக ஒரே ஒரு காரியம் செய். அடுத்த தடவை நீ பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும்போது அவர் வந்தால், நீ பேச மாட்டாய், தெரியும். எனக்காக ஒரு தடவை பேசு. அக்கா அதே அறையில்தான் இருக்கிறாள் என்று சொல். பக்கத்து நாற்காலியில் பையைக்கூட வைப்பதில்லை என்று சொல். எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் அவளுக்கு மறந்துபோய்விட்டது, கூப்பிடுகிற வரை காத்திருக்காமல் நீயே போய் உட்கார் என்று சொல்.

"நீ" என்றே சொல். நான் சொன்னதாக.

உன் அக்கா